குளோன்ஃபர்ட் பேராலயம்: ஒரே ஒரு வாசலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அயர்லாந்தின் நடுப்பகுதியில், ஷானன் ஆற்றின் மேற்குக் கரையை ஒட்டி, கால்வே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் குளோன்ஃபர்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. சில வீடுகளும் மேய்ச்சல் நிலங்களும் சதுப்பு நிலமுமே அந்த ஊர். அங்கே நிற்கும் புனித பிரெண்டன் பேராலயம் ஒரு கிராமத்துத் தேவாலயத்தைவிடப் பெரிதல்ல. ஆனால் அதன் மேற்குச் சுவரில் உள்ள 12ஆம் நூற்றாண்டு வாசலை, ஐரிஷ் ரோமனெஸ்க் கலையின் (அரைவட்ட வளைவுகளால் அறியப்படும் இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி) உச்சம் என்று கலை வரலாற்றாளர்கள் பலரும் கருதுகிறார்கள். காரை நிறுத்தி, வாசலைப் படமெடுத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவதே பெரும்பாலோர் வழக்கம். இந்த இடத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கவேண்டும் என்பது என் கருத்து. அந்த நேரத்தை எந்த வரிசையில், எப்படிச் செலவிடலாம் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதல் படி: எந்தப் பேராலயம் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்

வரைபடச் செயலியில் புனித பிரெண்டன் பேராலயம் என்று மட்டும் தேடினால், அது உங்களை லாக்ரே நகரத்துக்கு அழைத்துச் சென்றுவிடக்கூடும். அதுவும் கால்வே மாவட்டத்தில் இருப்பது, அதுவும் புனித பிரெண்டன் பெயரைத் தாங்கியது, அதுவும் குளோன்ஃபர்ட் மறைமாவட்டத்தின் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பில் உள்ள பகுதி) பேராலயம் என்பதால் இந்தக் குழப்பம் எளிதில் நேர்கிறது. 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தில் பழைய தேவாலயக் கட்டடங்கள் அரசு ஏற்ற ஆங்கிலிக்கன் திருச்சபையின் வசமாயின. பெரும்பான்மையான கத்தோலிக்க மக்களுக்குத் தங்கள் பழைய பேராலயம் இல்லாமல் போனது. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குளோன்ஃபர்ட் கத்தோலிக்க மறைமாவட்டம் லாக்ரேயில் தனக்கெனப் புதிய பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஐரிஷ் கண்ணாடி ஓவியங்களுக்காக அந்தப் பேராலயம் புகழ்பெற்றது. வாய்ப்புக் கிடைத்தால் அதையும் பாருங்கள். ஆனால் நாம் தேடுவது அதுவன்று. செயலியில் குளோன்ஃபர்ட் என்ற ஊர்ப்பெயரையும் கால்வே என்ற மாவட்டப் பெயரையும் சேர்த்தே இடுங்கள். அயர்லாந்தில் ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு.

இத்தனை சிறிய கட்டடத்தைப் பேராலயம் என்று அழைப்பதைக் கண்டு வியப்படையவேண்டாம். ஆயரின் இருக்கை எங்கே இருக்கிறதோ அதுவே பேராலயம்; கட்டடத்தின் அளவுக்கும் அந்தத் தகுதிக்கும் தொடர்பில்லை. இங்கே ஆயர் இருக்கை அமைந்ததற்குக் காரணம், 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெண்டன் இங்கே நிறுவிய மடம். கெர்ரி கடற்கரையில் பிறந்த அவர், தோல் போர்த்திய படகில் மேற்குக் கடலில் பயணம் செய்து புதிய நிலத்தைக் கண்டவர் என்ற கதை இடைக்கால ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தது. அப்படிப்பட்ட படகில் அட்லாண்டிக்கைக் கடக்க முடியுமா என்பதை டிம் செவரின் என்ற ஆய்வுப் பயணி 1976, 1977 ஆண்டுகளில் தாமே ஒரு தோல் படகு செய்து ஓட்டிப் பார்த்து, நியூஃபவுண்ட்லாந்து வரை சென்று சேர்ந்தார். பிரெண்டன் ஏறக்குறைய 577இல் இறந்தார் என்றும், அவருடைய உடல் குளோன்ஃபர்ட்டில் அடக்கம் செய்யப்பட்டது என்றும் மரபு கூறுகிறது. அவருடைய திருநாள் மே 16.

இரண்டாம் படி: பருவத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான பயணக் குறிப்புகள் நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இந்த இடத்தைப் பொறுத்தவரை நேரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பழைய தேவாலயங்களுக்கு உரிய வழக்கப்படி இதன் பலிபீடம் கிழக்கிலும் வாசல் மேற்கிலும் இருப்பதால், முற்பகல் முழுவதும் வாசல் நிழலிலேயே கிடக்கும். காலை பத்து மணிக்குப் போய் நிற்பவர் காண்பது மங்கிய பழுப்புச் சுவர்தான்.

கோடையில் அயர்லாந்தின் இந்தப் பகுதியில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறக்குறைய பிற்பகல் ஒன்றரை மணியைக் காட்டும். அதன் பிறகே வெயில் மேற்குச் சுவரை எட்டிப் பார்க்கிறது. இரண்டு மணியிலிருந்து மூன்றரை மணி வரை அது சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழும். ஒரு விரல் ஆழமே உள்ள செதுக்கு வேலைகூட அப்போது தன் நிழலால் எடுத்துக்காட்டப்படும். ஆறு மணி வாக்கில் சூரியன் நேர் எதிரே வந்துவிடும். சுவர் பொன்னிறமாகப் பளிச்சிடும், படங்களும் அழகாக வரும், ஆனால் நிழல் குறைந்து செதுக்கல் தட்டையாகிவிடும். ஆராய்ந்து பார்க்கப் பிற்பகல் தொடக்கம், வெறுமனே ரசிக்க மாலை என்று வைத்துக்கொள்ளலாம்.

மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி அளவில்தான் சூரியன் மறைகிறது. டிசம்பரில் நாலேகால் மணிக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. அதோடு குளிர்காலத்தில் ஷானன் ஆறு தன் கரையோரத் தாழ்நிலங்களில் பரந்து நிற்பது வழக்கம் என்பதால் சிறு சாலைகளில் தண்ணீர் இருக்கலாம். மழை எந்த மாதத்திலும் வரும். நனைந்த மணற்கல் கருத்துப்போய் நுண்வேலைகளை மறைத்துவிடுகிறது. மேகமூட்டமான நாளில் ஒரு சிறு டார்ச் பெரிய உதவி: அதைச் சிற்பத்துக்கு நேராகப் பிடிக்காமல், சுவரை ஒட்டிப் பக்கத்திலிருந்து அடித்தால் இல்லாத வெயிலை நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம். உயரத்தில் உள்ள தலைகளைப் பார்க்க ஒரு பைனாகுலரும் வேண்டும். தொலைபேசிக் கேமரா அந்த வேலையைப் பாதிதான் செய்யும்.

மூன்றாம் படி: போய்ச் சேருதல்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கன் உடன்பாட்டில் இல்லை. ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு டப்ளினில் இறங்க முடியாது; அயர்லாந்துக்கெனத் தனி விசா எடுக்கவேண்டும்.

டப்ளினிலிருந்து எம்4 நெடுஞ்சாலையில் மேற்கே சென்று, கின்னகாடில் பிரியும் எம்6இல் ஏறி, அத்லோனைத் தாண்டினால் பாலினஸ்லோ வருகிறது. மொத்தம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து கால்வே செல்லும் ரயில்களும் பாலினஸ்லோவில் நிற்கின்றன. அங்கிருந்து தெற்கே ஆர்355 சாலையில் லாரன்ஸ்டவுன் வரை சென்று, பிறகு கிழக்கே திரும்பும் சிறு சாலைகளில் குளோன்ஃபர்ட்டை அடையலாம். மறுபுறம், ஓஃபலி மாவட்டத்திலிருந்து வருகிறவர்கள் பானஹர் ஊரில் ஷானன் பாலத்தைக் கடந்தால் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிடலாம். பேராலயத்தின் வாசலில் இறக்கிவிடும் பேருந்தை நம்பித் திட்டமிடாதீர்கள். சொந்தக் கார், வாடகைக் கார், அல்லது ரயிலில் பாலினஸ்லோ வந்து அங்கிருந்து காத்திருந்து திரும்பக் கூட்டி வரும் டாக்சி என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவேண்டும்.

நம்மைப் போலவே இங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், வேகமும் கிலோமீட்டரில்தான் குறிக்கப்படுகிறது. நெடுஞ்சாலையில் 120 வரை போகலாம். ஆனால் கிராமத்துச் சிறு சாலைகளுக்கான பொது வேக வரம்பு 2025 பிப்ரவரியில் 80இலிருந்து 60ஆகக் குறைக்கப்பட்டது. பல இடங்களில் அந்த 60கூட அதிகம். இருபுறமும் வேலிச் செடி உயர்ந்து, எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமில்லாமல் போகும் சாலைகள் இவை. எதிரில் வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினால் அது வணக்கம். நீங்களும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகலாம். எரிபொருள், உணவு, கழிப்பறை ஆகிய மூன்றையும் பாலினஸ்லோவிலோ பானஹரிலோ முடித்துக்கொள்ளுங்கள். குளோன்ஃபர்ட்டில் அவற்றை எதிர்பார்த்துப் போகக்கூடாது.

உட்புறத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள், இந்த ஆலயத்தை வைத்திருக்கும் ஆங்கிலிக்கன் சபையான அயர்லாந்து திருச்சபையின் மறைமாவட்ட அலுவலகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பது நல்லது. இது அருங்காட்சியகம் அல்ல, சிறிய சபை ஒன்று வழிபடும் ஆலயம். கதவு பூட்டியிருந்தால் மனம் தளரவேண்டாம். வந்த காரியம் கதவுக்கு வெளியேதான் இருக்கிறது.

நான்காம் படி: வழியில் க்ளொன்டஸ்கர்ட்டில் இறங்குங்கள்

பாலினஸ்லோவிலிருந்து தெற்கே வரும்போது, ஆர்355 சாலையை ஒட்டிய வயலில் க்ளொன்டஸ்கர்ட் என்ற அகஸ்தினியத் துறவு மடத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. அதன் மேற்கு வாசல் 1471இல் எழுப்பப்பட்டது. அந்த ஆண்டும், குளோன்ஃபர்ட் ஆயர் மத்தேயுவின் பெயரும் வாசலின் மேல் லத்தீனில் பொறிக்கப்பட்டுள்ளன. மிக்கேல் வானதூதரும் வேறு புனிதர்களும் மேலே வரிசையாக நிற்க, கீழே பக்கவாட்டில் கையில் கண்ணாடி ஏந்திய கடற்கன்னி ஒருத்தி செதுக்கப்பட்டிருக்கிறாள். இவளை நன்றாகப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். இதே நூற்றாண்டில், இதே மறைமாவட்டத்தில் செதுக்கப்பட்ட இவளுடைய சகோதரியைக் குளோன்ஃபர்ட்டின் உள்ளே சந்திப்பீர்கள்.

ஐந்தாம் படி: வாசலை வெளியிலிருந்து உள்நோக்கிப் படியுங்கள்

வளாகத்துக்குள் நுழைந்ததும் வாசலுக்கு நேரே ஓடாமல், இருபது அடி தள்ளி நின்று முழு மேற்குச் சுவரையும் முதலில் பாருங்கள். சுவரின் இரு முனைகளிலும் பக்கச் சுவர்கள் சற்று முன்னே நீண்டு நிற்பது தெரியும். பழைய ஐரிஷ் கல் ஆலயங்களுக்கே உரிய இந்த அமைப்பு, அவற்றுக்கும் முந்திய மரக் கட்டடங்களின் மூலைத் தூண்களை நினைவூட்டுவது என்று கூறுவோர் உண்டு. மேலே எழும் கோபுரம் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைக் கண்ணால் நீக்கிவிட்டுப் பார்த்தால், எளிமையான ஒரு முக்கோண முகப்பும் அதன் நடுவே அளவுக்கு மீறிய ஒரு வாசலும் எஞ்சும். இந்தப் பொருத்தமின்மை தற்செயலானதல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. சிறிய கட்டடத்தைப் பெரிதாக்க வழியில்லாதபோது, இருந்த பொருளையும் திறமையையும் ஓரிடத்தில் குவித்துவிட்டார்கள்.

அடுத்து வாசலின் மேலுள்ள கூர்ந்த முக்கோணத்துக்குப் பைனாகுலரைத் திருப்புங்கள். அதன் அடிப்பகுதியில் சிறு வளைவுகளின் வரிசை ஒன்றும், ஒவ்வொரு வளைவின் கீழும் ஒரு மனிதத் தலையும் உள்ளன. அதற்கு மேலே சதுரங்கப் பலகையைப் போல முக்கோணக் கட்டங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கட்டத்தில் அலங்காரம், அடுத்ததில் தலை என்று மாறி மாறி உச்சி வரை போகிறது. தலைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். எண்ணும்போதுதான் அவை ஒன்றுபோல் இல்லை என்பது புலப்படும்: தாடியுள்ளவர், தாடியில்லாதவர், நீண்ட முகம், உருண்டை முகம். இவர்கள் யார் என்பதற்குக் கல்வெட்டு ஏதும் இல்லை.

இனி வாசலின் வளைவுகளுக்கு வாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு அடுக்குகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்று உள்வாங்கியிருக்கும். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் கண் களைத்துப்போகும். ஓர் அடுக்கைத் தேர்ந்தெடுத்து, இடப்பக்கத் தரையிலிருந்து தூண் வழியாக மேலேறி, வளைவைச் சுற்றி, வலப்பக்கமாகக் கீழிறங்குங்கள். பிறகு அடுத்த அடுக்கு. தூண்கள் நேராக நிற்காமல் மேலே செல்லச் செல்ல உள்நோக்கிச் சாய்வதை அப்போது கவனிப்பீர்கள்; பழைய ஐரிஷ் வாசல்களின் வழக்கம் இது. தூண்களின் மேனியில் வளைந்து பின்னும் கொடிகளும் கோணல் கோடுகளும் இடைவெளியின்றி நிரம்பியுள்ளன. தூண் தலைகளில் விலங்கு முகங்கள் இருக்கின்றன. மேலே ஓர் அடுக்கில் உருளை வடிவ விளிம்பை வரிசையாக விலங்குத் தலைகள் வாயில் கவ்விக்கொண்டிருக்கின்றன. பக்கவாட்டு வெயிலில் அவற்றின் மேல் தாடை விளிம்பின் மீது படிந்திருப்பதும், மூக்கு மடிப்பும், கண் குழியும் தெளிவாகத் தெரியும். வேறோர் அடுக்கில் கிண்ணம் கவிழ்த்தாற்போன்ற வட்டக் குமிழ்கள். பிரெஞ்சு ரோமனெஸ்க் வாசல்களில் காணும் இறுதித் தீர்ப்புக் காட்சியோ விவிலியக் கதையோ இங்கே கிடையாது. ஐரோப்பியக் கட்டட வடிவத்தை வாங்கிக்கொண்ட ஐரிஷ் கல்தச்சர்கள், அதன் மேல் தங்கள் சுவடி ஓவியங்களிலும் உலோக வேலைகளிலும் பழகியிருந்த பின்னல்களையும் விலங்குகளையும் போட்டு நிரப்பிவிட்டார்கள்.

கடைசியாக எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் அடுக்கை மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். மற்றவை பழுப்பு மணற்கல். இது மட்டும் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். உடைமடிப்புகள் கூர்மையாகத் தெரியும் திருச்சபையினர் உருவங்கள் இதில் உள்ளன. இது 15ஆம் நூற்றாண்டில் செருகப்பட்டது, அதாவது கோபுரம் எழுந்த அதே காலம். முந்நூறு ஆண்டு இளையது என்பதை வரலாறு தெரியாதவரும் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். மணற்கல் எளிதில் செதுக்க இடம் கொடுக்கும், அதே எளிமையுடன் மழைக்கும் பனிக்கும் கரைந்தும் போகும். இந்த அரிப்பின் காரணமாகவே உலக நினைவுச்சின்ன நிதியம் 2000ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட, ஆபத்திலுள்ள 100 இடங்களின் பட்டியலில் குளோன்ஃபர்ட் இடம்பெற்றது. எனவே தொடவேண்டாம், சாயவேண்டாம், காகிதம் வைத்துத் தேய்த்துப் படியெடுக்கவேண்டாம், குழந்தைகளைத் தூண் அடியில் ஏற்றிப் படமெடுக்கவேண்டாம்.

ஆறாம் படி: உள்ளே

திறந்திருந்தால் நேரே கிழக்குக் கோடிக்குப் போங்கள். அங்குள்ள ஜன்னல்கள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. வாசலின் ஆரவாரத்துக்கு முற்றிலும் மாறான வேலை இது: அலங்காரம் குறைவு, கற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் நேர்த்தி அதிகம். வாசலைவிட இதையே உயர்ந்த கைத்திறன் என்று சொல்வோருடன் நானும் சில நாட்களில் உடன்படுவதுண்டு. வெளியே வந்தபின் கிழக்குப் பக்கம் சுற்றிப்போய் இதே ஜன்னல்களை மறுபுறமிருந்தும் பாருங்கள்.

பீடப் பகுதியைச் சபை அமரும் பகுதியிலிருந்து பிரிக்கும் பெரிய வளைவு 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் வானதூதர்கள் சிலரும் ஒரு ரோஜா வட்டமும் உள்ளன. அவற்றுக்கு இடையேதான் கண்ணாடியை ஏந்திய கடற்கன்னி இருக்கிறாள். இடைக்கால ஆலயங்களில் கடற்கன்னி பெரும்பாலும் வீண் பெருமைக்கும் காமத்துக்கும் எச்சரிக்கையாக வைக்கப்பட்டவள். கடலோடிப் புனிதரின் ஆலயம் என்பதால்தான் இவள் இங்கே இடம்பெற்றாள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வழியில் க்ளொன்டஸ்கர்ட்டில் பார்த்தவளுக்குப் பிரெண்டனோடு எந்தத் தொடர்பும் இல்லை என்பதை நினைத்துக்கொண்டால் அந்த ஆசை தானே அடங்கிவிடும். மேற்குக் கோபுரத்தைத் தாங்கும் வளைவுகளிலும் அதே காலத்துத் தலைகள் உள்ளன. வெளியேறும்போது அண்ணாந்து பார்க்க மறக்கவேண்டாம்.

வழிபாடு நடந்துகொண்டிருந்தால் பின்வரிசையில் அமர்ந்து முழுவதும் இருங்கள், அல்லது வெளியே காத்திருங்கள். நுழைவுக் கட்டணம் கேட்காத இடத்தில் காணிக்கைப் பெட்டியைக் கண்டால் ஐந்து யூரோவாவது போடுவது முறை. கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒரு சிறு சபையின் தலையில் இருக்கிறது.

ஏழாம் படி: வளாகமும் யூ மரப் பாதையும்

பேராலயத்தின் தென்புறத்தில் இடிந்து கிடக்கும் குறுக்குப் பகுதியும் ரோமனெஸ்க் காலத்ததே. வடக்கில் இருந்த இணையான பகுதி முற்றிலும் அகற்றப்பட்டுவிட்டது. இரண்டையும் மனத்தில் சேர்த்துப் பார்த்தால், இன்று காண்பதைவிட அகன்ற, சிலுவை வடிவிலான பழைய கட்டடம் கிடைக்கும். கல்லறைகளுக்கு இடையே புல் உயர்ந்திருக்கும். பழைய பலகைகள் தரைமட்டத்தில் கிடப்பதால் பார்த்து நடக்கவேண்டும்.

அருகிலேயே பழைய ஆயர் மாளிகையின் இடிபாடும், அதற்கு இட்டுச்செல்லும் முதிர்ந்த யூ மரங்களின் (நெடுங்காலம் வாழும் ஒரு பசுமைமாறா மரம்) வரிசையும் இருக்கின்றன. ஆயர்கள் விட்டுச் சென்ற இந்த மாளிகையை 1950களின் தொடக்கத்தில் வாங்கிக் குடியேறியவர், பிரிட்டிஷ் பாசிஸ்டுகளின் தலைவராக இருந்த ஆஸ்வால்ட் மோஸ்லி. 1954 டிசம்பரில் வீடு தீப்பற்றி எரிந்தது. அதன் பிறகு எவரும் அதை எடுத்துக் கட்டவில்லை. சுவர்கள் உறுதியற்றவை, உள்ளே நுழையக்கூடாது.

ஊரில் உள்ள கத்தோலிக்க ஆலயத்தில் இடைக்காலத்து மரச் சிற்பமான குளோன்ஃபர்ட் மாதா இருக்கிறது. சமயச் சீர்திருத்தக் காலத்து அழிவுகளிலிருந்து தப்பிய மரச் சிற்பங்கள் அயர்லாந்தில் மிகச் சிலவே என்பதால், ஆலயம் திறந்திருந்தால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

எட்டாம் படி: அன்றைக்கே வேறு எதைச் சேர்க்கலாம்

நேரம் இருந்தால் ஷானனைக் கடந்து வடக்கே குளோன்மக்னாய்ஸுக்குப் போகலாம். புனித கியாரன் 6ஆம் நூற்றாண்டில் நிறுவிய இந்த மடம் அரசின் பராமரிப்பில் உள்ளது. நுழைவுச்சீட்டு, அருங்காட்சியகம், பேருந்துக் கூட்டம் எல்லாம் உண்டு. உயர்ந்த கற்சிலுவைகளும் 909இல் எழுப்பப்பட்ட பேராலயமும் எல்லோரும் பார்ப்பவை. குளோன்ஃபர்ட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அவற்றைவிட முக்கியமானது, முதன்மை வளாகத்துக்குச் சற்றுக் கிழக்கே ஒரு வயலோரத்தில் இருக்கும் கன்னியர் ஆலயம். டெர்வோர்கில்லா என்ற அரசி 1167இல் அதைக் கட்டி முடித்தாள் என்று ஆண்டுக்குறிப்புகள் பதிவுசெய்துள்ளன. காலம் உறுதியாகத் தெரிந்த ரோமனெஸ்க் ஆலயங்கள் அயர்லாந்தில் குறைவு என்பதால், அதன் வாசலிலும் உள்வளைவிலும் உள்ள விலங்குத் தலைகளையும் கோணல் கோடுகளையும் குளோன்ஃபர்ட்டுக்கு ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். காலையில் குளோன்மக்னாய்ஸையும் பிற்பகலில் குளோன்ஃபர்ட்டையும் வைத்துக்கொள்வதே வெயிலுக்கு ஏற்ற வரிசை.

டப்ளினுக்குத் திரும்பும்போது எம்4இல் சுங்கச் சாவடி இருக்கிறது. அட்டையாலோ ரொக்கமாகவோ கட்டிவிடலாம். விமான நிலையத்துக்கு எம்50 வழியாகப் போகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். அங்கே சாவடி கிடையாது, கேமராதான் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்கிறது. மறுநாள் இரவு எட்டு மணிக்குள் இணையத்தில் கட்டாவிட்டால் அபராதம் சேரும். வாடகைக் காராக இருந்தால் நிறுவனமே அதைக் கட்டிவிடுமா, நீங்கள் கட்டவேண்டுமா என்பதைச் சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.